முப்பத்தொன்றின் உணவுக் குறிப்பேடு

பெயர் எழுதக்கூடாது என்பது விதி.
அதனால் அவர் முப்பத்தொன்று.
ஜார்ஜ்டவுன் துறையில் ஃபெர்ரிக்குக் கயிறு கட்டுகிறவர்.
நூற்றெட்டு கிலோ நானூறு கிராம்.
தொப்புளுக்கு மேலே நாடாவைச் சுற்றியபோது
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.
"விடுங்கண்ணே, விட்டாத்தான் கணக்கு."
விட்டார்.
நாலு சென்டிமீட்டர் வெட்கம் வெளியே வந்தது.

ஊசியில் மருந்தா உப்புத் தண்ணீரா
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது,
டாக்டர் யோங்குக்கும் தெரியாது.
எங்கோ ஒரு கணினி சீட்டுக் குலுக்கியதோடு சரி.
புதன்கிழமைதோறும் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து
ஒரே இருட்டுக்குள் குத்தினோம்.

குறிப்பேட்டில் படங்கள் உண்டு:
ஓர் ஆப்பிள், ஒரு துண்டு ரொட்டி,
சீட்டுக்கட்டு அளவில் இறைச்சி.
தோசை இல்லை.
ஓரத்தில் நானே ஒரு வட்டம் வரைந்து கொடுத்தேன்.
"எந்தக் கடைத் தோசை, மிஸ்ஸி?"
நியாயமான கேள்வி.

முதல் மாதம் எழுதி வந்தார்:
காலை, தே ஓ கோசோங்.
மதியம், நாசி கண்டார், சோறு பாதி, குவா கொஞ்சம்.
இரவு, பழம்.
பக்கத்தின் மூலையில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை.
குவா பஞ்சிர் என்றது அது,
அணை உடைந்த மாதிரி, நாலு கறியும் கலந்து.
நான் திருத்தவில்லை.
பிரிட்ஜுக்குப் பின்னால் நான் ஒளித்திருக்கும் முறுக்கு டின்னை
எந்தக் குறிப்பேட்டில் எழுதினேன்?

தீபாவளி கழிந்து வந்தார், இருபதாம் வாரம்.
தராசு தொண்ணூற்றேழு என்றது.
இறங்கி மறுபடி ஏறச் சொன்னேன்.
அதே தொண்ணூற்றேழு.
குறிப்பேட்டில்: அதிரசம், ஒன்று.
அடுத்த வரியில்: போதும்னு தோணுச்சி.

"தலைக்குள்ள ஒரு ரேடியோ, மிஸ்ஸி,
சின்ன வயசிலேர்ந்து ஓடிக்கிட்டே இருந்துச்சி.
சோறு வாயில இருக்கும்போதே
அடுத்த சோத்தப் பத்திப் பேசும்.
போன வாரம் கயித்த வீசிட்டு நிக்கிறேன்,
சத்தமே இல்ல.
கடல் மட்டும் கேக்குது.
மத்தவங்க எல்லாம் இப்படியேவா இருந்தாங்க?
அப்ப என்னைய மட்டும் ஏன்
வாயக் கட்டு வாயக் கட்டுன்னாங்க?"

பதினோரு வருடமாக
அதைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.
இரத்த அழுத்தப் பட்டையை
தேவைக்கு மேல் ஒருமுறை சுற்றினேன்.

எழுபத்திரண்டாம் வாரம்.
எண்பத்தொன்பது கிலோ. மூன்று மாதச் சர்க்கரை
ஏழு புள்ளி ஒன்பதிலிருந்து ஐந்து புள்ளி எட்டு.
கல்லீரல் கொழுப்பைப் பார்த்து டாக்டர் யோங் விசிலடித்தார்.
பயணப்படி ஐம்பது வெள்ளி, ஒரு தண்ணீர் போத்தல்,
நன்றிக் கடிதம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு
"அடுத்த புதன்?" என்றார்.

பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.
ஆய்வு முடிந்தபின் மருந்து வழங்கப்படாது.
கீழே அவர் கையெழுத்து, தமிழில்.
சாட்சி, நான்.

வெளியே வாங்கினால் என்ன விலை என்று
மலாயில் சொன்னேன்.
தமிழில் சொல்ல வாய் வரவில்லை.
அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல்.
மனைவி செல்லப்பாக்கியம் கைப்பையை ஒருமுறை திறந்து
மூடினார்.

மூன்று மாதம் கழித்துக் கடைசி அளவெடுப்பு.
தொண்ணூற்றாறு.
"யாரோ திருப்பிப் போட்டுட்டாங்க, மிஸ்ஸி.
அதே ஸ்டேஷன்."
நாடாவைச் சுற்றினேன்.
இம்முறை அவர் மூச்சை இழுக்கவில்லை.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கம், கொட்டை எழுத்தில்:
நாசி கண்டார். குவா பஞ்சிர். ரெண்டு தட்டு.
அதற்குக் கீழே:
ரேடியோ, காலை ஆறிலிருந்து.

நோர்ஹயாத்தி விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.
கணினியில் அந்தக் கட்டம் எண்களை மட்டும் வாங்கும்.
எழுத்தை அடித்தால் சிவப்பாகிறது.
ரே என்று அடிக்கிறேன்.
சிவப்பு.
மறுபடி அடிக்கிறேன்.